தொலைவை வென்ற மருத்துவம்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், வெள்ளி விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தருமாறு செயற்குழுவினர் பணித்தனர். மன்னர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் பாடப் புத்தகங்களில் நிறைய உண்டு. நோயுற்றுக் கிடக்கும் எளிய மனிதனிடம் மருத்துவ உதவி எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் வரலாறு அவற்றில் அரிதாகவே காணப்படும். மருத்துவர் நேரில் வர இயலாத இடத்திற்கு, அவருடைய அறிவும் ஆறுதலும் தந்தி வழியாகவும், வானொலி வழியாகவும், தொலைபேசி வழியாகவும் வந்து சேர்ந்த கதை அது. நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை என்று கருதி அதனையே எடுத்துக்கொண்டேன்.

தொலைவு இருவகைப்படும். காடும் மலையும் பாலையும் உண்டாக்கும் தொலைவு ஒன்று. அது மைல் கணக்கில் அளக்கத்தக்கது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே மனிதரே உண்டாக்கும் தொலைவு மற்றொன்று. அதனை அளக்க எந்தச் சாலையிலும் மைல்கல் நடப்படவில்லை. முதல் தொலைவை அறிவியல் எவ்வாறு வென்றது, இரண்டாம் தொலைவை வெல்ல என்ன வேண்டும் என்பவற்றை முறையாக நோக்குவோம்.

கம்பியில் சென்ற இதயத் துடிப்பு

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டு தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1879இல், இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஒரு செய்தி வந்தது. நள்ளிரவில் குழந்தை இருமுகிறது. கடுமையான தொண்டை நோயோ என்று வீட்டார் அஞ்சுகின்றனர். மருத்துவர் குழந்தையைத் தொலைபேசியின் அருகே கொண்டுவரச் செய்து, இருமல் ஒலியைக் கேட்டு, அஞ்சத்தக்க நோயன்று என்று கூறினார் என்பதே அச்செய்தி. புதிய கருவி ஒன்று பிறந்தவுடனேயே மனிதன் அதனை நோயாளியின் படுக்கையருகே கொண்டு சென்றுவிட்டான்.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் ஆலந்து நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவன். இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரைந்து காட்டும் கருவியை அவர் அமைத்தார். இன்று ஒரு பையில் அடங்கும் அக்கருவி அன்று ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. அதனை இயக்க ஐந்து பேர் வேண்டும். லைடன் நகரில் அவருடைய ஆய்வுக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். கருவியை நோயாளியிடம் கொண்டு செல்லவும் இயலாது. நடக்க முடியாத நோயாளியைக் கருவியிடம் கொண்டு வரவும் இயலாது. எனவே 1905இல் தொலைபேசிக் கம்பி வழியே நோயாளியின் இதயத் துடிப்பை ஆய்வுக்கூடத்திற்கு வரச் செய்தார். பின்னர் 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹால்ஸ் கிரீக்கில் ஓர் அஞ்சல் அதிகாரி

மேற்கூறியவை நகரங்களில் நிகழ்ந்தவை. மருத்துவரே இல்லாத இடத்தில் கம்பியின் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை ஆஸ்திரேலியாவில் கிடைத்தது.

1917ஆம் ஆண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், ஜிம்மி டார்சி என்னும் மாடு மேய்க்கும் தொழிலாளி குதிரையிலிருந்து வீழ்ந்து படுகாயமுற்றார். வண்டியில் கிடத்தி ஹால்ஸ் கிரீக் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சென்றனர். அங்கு மருத்துவர் இல்லை. அஞ்சல் அலுவலகம் மட்டும் இருந்தது. அதன் அதிகாரியான டக்கெட் முதலுதவி கற்றிருந்தார். அவர் ஆயிரம் மைலுக்கும் அப்பாலிருந்த பெர்த் நகரின் மருத்துவர் ஹாலண்டைத் தந்தி மூலம் தொடர்பு கொண்டார். சிறுநீர்ப்பை சேதமுற்றிருக்கிறது, உடனே அறுவை செய்ய வேண்டும் என்று விடை வந்தது. கையிலிருந்ததோ பேனாக்கத்தி. தந்திக் கருவி கடகடவென்று ஒலிக்க, அந்த ஒலிக்குறிப்புகளையே ஆசானாகக் கொண்டு அஞ்சல் அதிகாரி அறுவை செய்தார்.

மருத்துவர் ஹாலண்டும் வாளாவிருக்கவில்லை. மாடு ஏற்றும் கப்பலிலும், மோட்டார் வண்டியிலும், குதிரையிலும், கால்நடையாகவும் பயணம் செய்து, பல நாள் கழித்து ஹால்ஸ் கிரீக்கை அடைந்தார். அவர் வருவதற்கு முந்திய நாள் டார்சி இறந்துவிட்டார்.

இந்நிகழ்ச்சி நமக்கு இரு பாடங்களைக் கற்பிக்கின்றது. கம்பியின் மறுமுனையில் கற்ற மருத்துவர் இருந்தால் மட்டும் போதாது. இம்முனையில் ஓரளவேனும் கற்ற ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அறிவுரை மின்னல் வேகத்தில் வந்தாலும், மருந்தும் மருத்துவரும் மாட்டு வண்டி வேகத்தில் வந்தால் உயிர் காத்திராது என்பது மற்றொன்று.

காலால் மிதித்த வானொலி

ஜிம்மி டார்சியின் முடிவு நாளிதழ்கள் வழியே அந்நாடு முழுவதும் பரவியது. உள்நாட்டுப் பாலைப்பகுதியில் பணியாற்றி வந்த ஜான் ஃபிளின் என்னும் பாதிரியாரின் உள்ளத்தில் அது ஆழப் பதிந்தது. மருத்துவருக்கு விமானமும், குடியிருப்புகளுக்கு வானொலியும் வேண்டும் என்று அவர் பத்தாண்டுக் காலம் பாடுபட்டார். 1928ஆம் ஆண்டு மே மாதம் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் குளோன்கரி என்னும் ஊரில் பறக்கும் மருத்துவப் பணி தொடங்கிற்று. முதலாண்டில் 50 முறை விமானம் பறந்தது. 225 நோயாளிகள் பயனடைந்தனர்.

ஆனால், நோயுற்ற செய்தியை மருத்துவருக்குத் தெரிவிப்பது எப்படி? பண்ணை வீடுகளில் மின்சாரம் இல்லை, கம்பியும் இல்லை. அடிலெய்டு நகரின் ஆல்பிரட் டிரெய்கர் என்னும் பொறியாளர் இதற்கு வழி கண்டார். மிதிவண்டியின் மிதிகட்டை போன்ற அமைப்பைக் காலால் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும். கைகள் மோர்ஸ் குறியீட்டை அனுப்ப ஒழிவாக இருக்கும். 1929இல் இவ்வகை வானொலிகள் குளோன்கரியைச் சுற்றியிருந்த குடியிருப்புகளில் அமைக்கப்பட்டன. மோர்ஸ் குறியீடு கற்க இயலாதவர்களுக்காக, எழுத்தை அழுத்தினாலே குறியீடாக மாறிச் செல்லும் விசைப்பலகையையும் பின்னர் அவர் அமைத்தார். பயன்படுத்துவோரின் கல்வி நிலையை எண்ணிப் பார்த்துக் கருவியைத் திருத்திய அவருடைய பண்பு போற்றத்தக்கது.

1942ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு மருந்துப் பெட்டி வழங்கப்பட்டது. மருந்துகள் அனைத்திற்கும் எண்கள் இடப்பட்டன. மருந்தின் பெயர் வாசிக்கத் தெரியாவிடினும், மருத்துவர் வானொலியில் கூறும் எண்ணைக் கொண்டு எடுத்துக் கொடுத்துவிடலாம். மனித உடலின் படமும் எண்களால் பகுக்கப்பட்டது. வலி எந்த எண்ணுள்ள பகுதியில் என்று நோயாளி கூறினால் போதும்.

இங்கே மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. நோய் இல்லாத வேளைகளிலும் அவ்வானொலி பயன்பட்டது. அண்டை வீடு என்பது ஐம்பது அறுபது மைலுக்கு அப்பால் இருந்த நாட்டில், குறித்த நேரத்தில் பெண்கள் வானொலியின் முன் அமர்ந்து ஒருவரோடொருவர் பேசிக்கொண்டனர். கூட்டமாகக் கூச்சலிடும் 'கலா' என்னும் கிளியின் பெயரால் அப்பேச்சு நேரம் வழங்கலாயிற்று. தனிமையும் ஒரு நோயே என்பதையும், அதற்கு மனிதக் குரலே மருந்து என்பதையும் அப்பெண்கள் தாமே கண்டுகொண்டனர். 1951இல் அலைஸ் ஸ்பிரிங்ஸில் இதே வானொலி வழியே பிள்ளைகளுக்குப் பள்ளியும் தொடங்கியது.

இப்பணியில் குறை இல்லாமலில்லை. வெள்ளையர் குடியிருப்புகளை முதன்மையாகக் கருதியே அது தொடங்கியது. அந்நிலத்தின் மூத்த குடிகளான தொல்குடி மக்களை ஃபிளின் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று டாக்டர் சார்லஸ் டுகுயிட் அக்காலத்திலேயே கண்டித்தார். விமானம் பறக்கும் உயரத்திலிருந்து பார்த்தாலும் சிலர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதே 1929ஆம் ஆண்டில்

பாலைவனத்தில் மிதி வானொலி ஒலிக்கத் தொடங்கிய அதே 1929ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் என் கடமை. அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கை அனுபவங்களை எழுதி வைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் சிறு நூலில் அதனை எடுத்துக்காட்டுகிறார். அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகமே 1990இல் அதனை நூலாக வெளியிட்டது.

குஜராத்தின் கத்தியவார்ப் பகுதியில், தீண்டப்படாதவர் எனப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12ஆம் நாள் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. குழந்தை பெற்றுச் சில நாளே ஆன அவருடைய மனைவி கடுமையாக நோயுற்றார். மருத்துவர் அவர்களுடைய குடியிருப்புக்கு வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்குப் பிணை நின்ற பின், குடியிருப்புக்கு வெளியே கொண்டு வந்தால் பார்ப்பதாக இசைந்தார். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு அப்பெண் வெளியே கொண்டுவரப்பட்டார். மருத்துவர் வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் தம் மனைவிக்கு வைத்தார். பின்னர் அது வந்த வழியே திரும்பிச் சென்றது. விளக்கு வெளிச்சத்தில் வெப்பமானியைப் பார்த்த மருத்துவர் நுரையீரல் காய்ச்சல் என்று கூறி, மருந்தை அனுப்பி வைத்தார். மீண்டும் வந்து பார்க்க மறுத்துவிட்டார். அப்பெண் உயிர் நீத்தார்.

இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் கிடந்த ஒரு தொழிலாளிக்காகக் கப்பலும் குதிரையும் ஏறி வந்தார் ஒரு மருத்துவர். நோயாளி கண்ணெதிரே இருக்கவும் சில அடித் தூரத்தைக் கடக்க மறுத்தார் இன்னொரு மருத்துவர். கத்தியவாரில் கருவிக்குக் குறைவில்லை. வெப்பமானி இருந்தது, மருந்தும் இருந்தது. அந்தச் சில அடித் தூரத்தை எந்தக் கம்பியும் இணைக்கவில்லை. தொலைவு இருவகைப்படும் என்று தொடக்கத்தில் கூறியதன் பொருள் இதுவே.

அலாஸ்கா காட்டிய வழி

இரண்டாம் தொலைவைக் குறைக்கும் வழி ஒன்று அமெரிக்காவின் வடகோடியில் உள்ள அலாஸ்காவில் கிடைத்தது. அங்குப் பனி மூடிய சிற்றூர்களில் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாலை இல்லை, மருத்துவர் இல்லை. 1950களில் காசநோய் அவர்களை வாட்டியபோது, ஊராருள் ஒருவருக்கே பயிற்சி தந்து மருந்து வழங்கச் செய்தனர். இதுவே வளர்ந்து சமூக நலவாழ்வு உதவியாளர் திட்டமாயிற்று. 1968இல் நடுவண் அரசின் நிதியும் அதற்குக் கிடைத்தது. உதவியாளரை ஊர் மன்றமே தேர்ந்தெடுக்கும். பெரும்பாலோர் அவ்வூர்ப் பெண்கள். அவ்வூர் மொழி பேசுவோர். நாள்தோறும் வானொலியில் மருத்துவரை அழைத்து, நோயாளிகளின் நிலை கூறி, அறிவுரை பெற்றுச் சிகிச்சை தருவர்.

வடதுருவ வானின் காந்தக் குழப்பங்களால் வானொலி பல நாள் ஊமையாகிவிடுவதுண்டு. 1971இல் 26 இடங்களில் செயற்கைக்கோள் வானொலி அமைத்துச் சோதனை செய்தனர். மருத்துவரோடு பேச முடிந்த நாள்களின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. கருவி வானத்தில் இருந்தது. அதனைக் கையாண்டவளோ அவ்வூர் மகள். நோயாளியைத் தொடத் தயங்காத கையும், அவன் மொழியை ஏளனம் செய்யாத காதும் அவளிடம் இருந்தன. இவ்வரலாற்றில் நம் சமூகம் ஊன்றிக் கற்க வேண்டிய பகுதி இதுவே என்பது என் கருத்து.

உள்ளத்து நோய்க்குக் குரலே மருந்து

உடல் நோய்க்குத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். உள்ளத்து நோய்க்குக் கேட்டல் முதன்மையானது. ஆதலால் தொலைத்தொடர்புக் கருவிகள் மனநல மருத்துவத்தில் பெரும்பயன் விளைத்தன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டாக்டர் சிசில் விட்சன் என்பவர் 1950களின் இறுதியில் இருவழித் தொலைக்காட்சியை மனநலச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். 1964இல் ஒமாகா நகரின் மனநலக் கழகம் 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது.

அதற்கும் முன்னர், 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் ஒரு தொலைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு தற்கொலைத் தடுப்புப் பணியைத் தொடங்கினார். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பருவமடைந்ததை இன்னதென்று அறியாமல், தீராத இழிநோய் என்று அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டாள். 1935இல் அவளை அடக்கம் செய்தவர் இவரே. ஒரு சொல் சொல்ல ஆளில்லாமல் ஓர் உயிர் போயிற்றே என்னும் துயரமே இப்பணிக்கு வித்தாயிற்று. அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, அவர்கள் கூறுவதைப் பொறுமையாகக் கேட்டிருந்த தொண்டர்களே பலருக்கு ஆறுதல் அளித்துவிடுவதை அவர் கண்டார். சில திங்களுக்குள் பணி முழுவதையும் அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரித்தன்ஸ்' என்று பெயர் பெற்ற அவ்வமைப்பின் வழியில் பல நாடுகளில் தொலைபேசி மையங்கள் தோன்றின. சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா' அமைப்பை நிறுவினார்.

நம் மண்ணில்

நம் ஊர்களில் தந்தி என்றாலே அக்காலத்தில் அழுகைதான். பிரித்துப் படிக்கும் முன்னரே ஒப்பாரி எழும். சாவைச் சொல்லவே வந்த அத்தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஆயின், உயிர் காக்கும் செய்தியைத் தாங்கிவரும் கருவிகள் இப்போது நம் கைகளிலேயே உள்ளன.

2010ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில், சென்னையின் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பேருந்தை ஊர் ஊராகச் செலுத்தியது. அதனுள் அறை ஒன்று. திரையில் சென்னை மருத்துவர். பேருந்திலேயே மருந்தகமும் உண்டு. அறிவுரையும் மருந்தும் ஒரே வண்டியில் வந்தன. ஹால்ஸ் கிரீக்கின் குறை இங்கு நீங்கியது.

பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. 'இ-சஞ்சீவனி' என்னும் அரசுத் திட்டத்தின் வழியே பல கோடி ஆலோசனைகள் நடந்துள்ளன. 2022 அக்டோபர் 10ஆம் நாள் 'டெலி-மானஸ்' என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பெற்றது. 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் இருப்பவர் நம் தெருவின் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டியதில்லை, தயங்காமல் பேசலாம்.

எனினும், ஒன்றை எச்சரித்தாக வேண்டும். தொடாமலே மருத்துவம் பார்க்கும் வசதி, தொட மறுப்பவனுக்குச் சாக்காகிவிடக் கூடாது. திரையில் மருத்துவர் தெரிகிறார் என்று கூறி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரின் நாற்காலியைக் காலியாக விட்டுவைக்க நாம் இசையலாகாது. பிரசவ வலிக்கும் பாம்புக் கடிக்கும் திரை போதாது. கத்தியவாரில் கைமாறிச் சென்ற வெப்பமானியை நாம் மறவாதிருந்தால், எது வசதி, எது விலக்கு என்று பிரித்தறியும் தெளிவு நமக்கு இருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

வரலாற்றைப் படிப்பது செயலுக்காகவே. எனவே சிலவற்றைச் சங்கத்தாரின் கருத்துக்கு வைக்கிறேன்.

முதலாவது: நம் பெண் மக்களுள் ஆண்டுக்கு இருவரையேனும் செவிலியர் படிப்பிலும், மருந்தாளுநர் படிப்பிலும், மனநல ஆலோசனைப் படிப்பிலும் சேர்த்து, முடிக்கும்வரை சங்கம் துணை நிற்கட்டும். கம்பியின் இம்முனையில் நம்மவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அலாஸ்கா தரும் பாடம்.

இரண்டாவது: சங்கப் படிப்பகத்தில் கதவுள்ள சிறு அறை ஒன்றும், ஒரு கைப்பேசியும், இணைய வசதியும் ஒதுக்கப்பட வேண்டும். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதுவும் ஆண்மகன் சட்டைப்பையில் இருந்தால், பெண்கள் தம் நோயை யாரிடம் கூறுவர்? நால்வர் நடுவே மனநோயைப் பற்றிப் பேச எவரால் இயலும்?

மூன்றாவது: 14416, 104, 108 ஆகிய எண்கள் நம் தெரு முனையில் பெரிய எழுத்தில் எழுதப்படட்டும். முப்பதாண்டுக் காலத்தை நெருங்கும் என் ஆசிரியப் பணியில், பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று நான் அஞ்சாத ஆண்டில்லை. மதிப்பெண் குறைந்த மாணவன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்த பின்னரே உறங்கச் செல்வேன். தேர்வில் தோற்றவன் மறு தேர்வு எழுதலாம்; உயிருக்கு மறு தேர்வு இல்லை. அந்த நாளில் அவனோடு பேசிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் படித்துப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இலண்டனில் தேநீர் கொடுத்துக் கேட்டிருந்தவர்களும் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அல்லர்.

பேனாக்கத்தியைக் கையிலெடுத்த அஞ்சல் அதிகாரி முதல், பனியூரில் வானொலி முன் அமர்ந்த பழங்குடிப் பெண் வரை, இவ்வரலாற்றை நடத்திச் சென்றோர் பலர் எளியவர்களே. ஒருவர் துன்பக் குரல் கேட்டபோது அவர்கள் விலகி நிற்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் எழுத்தறிவைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், நம் தெருவிலிருந்து எழும் எந்தக் குரலும் விடையின்றி ஓயாதபடி செய்யும் பொறுப்பு இளைஞர்களாகிய உங்களைச் சேர்ந்தது. அதற்கு வேண்டிய கல்வியை நீங்கள் பெறுக. பெற்றதைக் கொண்டு நம் மக்களிடமே திரும்பி வருக.